ஒரு கிலோமீட்டருக்கு ஒரு குதிரை

இமயமலையின் பெயரைத் தாங்கிய வண்டியை ஒரகடம் பக்கத்துச் சமவெளியில்தான் செய்கிறார்கள். அங்கே ஏரிக்கரையைவிட உயரமாக எதுவும் கிடையாது. 'ரெடி டு ரேஸ்' என்று ஆஸ்திரியாவிலிருந்து முழங்கும் இன்னொரு வண்டி, புனே பக்கம் சாக்கனில் பஜாஜ் ஆலையிலிருந்து வருகிறது. எனக்கு இதில் குறையில்லை. இரண்டில் ஒன்றை வாங்கத் துடிக்கும் நானே சோழிங்கநல்லூரில் கணக்கு எழுதுகிறவன்தான்.

ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450, கேடிஎம் 390 அட்வென்ச்சர். எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் இரண்டும் ஒட்டிப் பிறந்தவை. முன்சக்கரம் 21 அங்குலம், பின்சக்கரம் 17. இது இரண்டுக்கும் பொது. டார்க் ஒன்றுக்கு 40 நியூட்டன் மீட்டர், மற்றதற்கு 39. இருக்கை உயரம் 825 மி.மீ., 830 மி.மீ. இந்த 5 மில்லிமீட்டருக்காக என் மச்சானும் ஆபீஸ் நண்பரும் ஒரு கல்யாண வீட்டில் முதல் பந்தியைத் தவறவிட்டார்கள். மச்சான் கேடிஎம் கட்சி, நண்பர் ஹிமாலயன் கட்சி. இரண்டு பக்கமும் பேச்சுவார்த்தை நடத்துகிற சிறிய கட்சி நான்.

என் உயரம் ஐந்தடி நான்கு அங்குலம். எனவே அந்த 5 மில்லிமீட்டரால் எனக்கு எந்தப் பயனும் இல்லை. இரண்டிலுமே சிக்னலில் ஒரு கால்தான் தரைக்கு எட்டும், அதுவும் நுனிவிரல். ஆகவே ரோடு எந்தப் பக்கம் சரிகிறது, எந்தக் காலை ஊன்றுவது என்பதையெல்லாம் துரைப்பாக்கம் சிக்னல் கண்ணில் படும்போதே முடிவு செய்துவிட வேண்டும். ஹிமாலயன் 196 கிலோ, கேடிஎம் 183. வித்தியாசம் அரைச் சிப்பம் அரிசி. ஓடும்போது அது தெரியாது. வண்டி சாயத் தொடங்கும்போது ஒவ்வொரு கிலோவும் தனித்தனியாகத் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும்.

முன்சக்கரம் 21 அங்குலம் எதற்கு? சக்கரம் பெரிதானால் குழியின் விளிம்பில் நேராக முட்டாமல் சாய்வாக ஏறி இறங்கிவிடும். விளம்பரத்தில் இதை லடாக்கின் கற்பாதையில் காட்டுகிறார்கள். சென்னைக்காரனுக்கு அவ்வளவு அலைச்சல் தேவையில்லை. மெட்ரோவின் இரண்டாம் கட்டம் 118.9 கி.மீ.; அதில் மாதவரம்–சிறுசேரி வழித்தடம் எங்கள் ஓ.எம்.ஆர். வழியாகத்தான் போகிறது. ஜல்லி, தகரத் தடுப்பு, மழை நாளில் ஆற்றைக் கடக்கும் அனுபவம் எல்லாம் வீட்டு வாசலிலேயே கிடைக்கிறது. ஹெல்மெட், முழங்கால் கவசம் சகிதம் ஒரு பள்ளத்தை நான் வீரமாக அணுகிக்கொண்டிருந்தபோது, காலுக்கு நடுவே தண்ணீர் கேன் வைத்த ஸ்கூட்டர்க்காரர் போன் பேசிக்கொண்டே அதே பள்ளத்தில் இறங்கி ஏறிப் போனார்.

இரண்டு வண்டிகளின் சுபாவம் பிடிபட்டது கொல்லிமலையில். காரவள்ளியிலிருந்து மேலே போக 70 கொண்டை ஊசி வளைவுகள். மச்சான் வண்டி, நண்பர் வண்டி என்று மாற்றி மாற்றி ஓட்டினேன். ஹிமாலயன் 5,500 சுற்றிலேயே தன் முழு டார்க்கையும் கொடுத்துவிடும். கேடிஎம்முக்கு 6,500 வேண்டும். தாளில் அது வெறும் ஆயிரம். வளைவில் அதுதான் குணம். ஹிமாலயன், "மெதுவா வாப்பா, மலை எங்கேயும் போயிடாது" என்கிற பெரியப்பா. கேடிஎம் முறுக்கச் சொல்லிக் கெஞ்சும். கிளட்ச் பிடிக்காமலே கியர் மாற்றும் குவிக்‌ஷிஃப்டர் வேறு அதில் இருக்கிறதா, ஒரு வளைவு முடிவதற்குள் அடுத்தது வந்து நிற்கும். ஒன்றில் மலையைப் பார்த்தேன், மற்றதில் என் திறமையைப் பார்த்தேன். மலைதான் அழகாக இருந்தது.

ஹிமாலயனுக்கு 40 குதிரை சக்தி, கேடிஎம்முக்கு 46. ஆறு குதிரை அதிகம் என்று மச்சான் மார்தட்டுகிறான். சென்னைக்குள் இருசக்கர வாகனம் 50 கி.மீ. வேகத்துக்கு மேல் போகக் கூடாது. கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டருக்கு ஒரு குதிரை! பல்லவர் படையில்கூட இவ்வளவு தாராளம் இருந்திருக்காது.

இவ்வளவு குதிரை பூட்டிய வண்டியிலும் சாரி கார்டு உண்டு. பின்னால் உட்காருபவரின் துணி சக்கரத்தில் சிக்கக் கூடாது என்பது மோட்டார் வாகன விதி. தீவிர ரைடர்கள் முதல் வேலையாக அதைக் கழற்றிவிடுகிறார்கள். அது இருந்தால் அட்வென்ச்சர் போய்விடுமாம். சேலையோடு அந்த உயரத்துப் பின்சீட்டில் ஏறி இறங்குவதற்குப் பெயர் என்ன என்று என் மனைவி கேட்கிறாள்.

ஆனால் அவள் எடைபோட்டது சீட்டை வைத்து இல்லை.

"டேங்க் எவ்ளோ பிடிக்கும்?"

"ஹிமாலயன் 17 லிட்டர், கேடிஎம் 14.5."

"பெரிய டேங்க்ல எவ்ளோ தூரம் போகலாம்?"

"நானூறு கிலோமீட்டர் தாராளமா போகலாம்" என்றேன், பெருமையாக.

"அப்ப நானூறு கிலோமீட்டருக்கு நீங்க வண்டிய நிறுத்த மாட்டீங்க. காபி கிடையாது, பாத்ரூம் கிடையாது. சின்ன டேங்கே வாங்குங்க."

யூடியூபில் இத்தனை விமர்சகர்கள் இருக்கிறார்கள், ஒருவருக்கும் இந்தக் கோணம் தோன்றவில்லை. செய்தி கேட்டு மச்சான் ஸ்வீட் பாக்ஸோடு வந்துவிட்டான். ஹிமாலயன் நண்பர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அப்புறம்தான் விலைக்கு வந்தோம். 2023-ல் ஹிமாலயன் அறிமுகமானபோது ஷோரூம் விலை 2.69 லட்சத்தில் தொடங்கியது. புது கேடிஎம் 2025-ல் வந்தபோது 3.68 லட்சம். 2025 செப்டம்பரிலிருந்து 350 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம், கோலாவுக்கும் அதே வரிதான் என்பதையும் சொல்லி வைத்தேன். கோலாவை அவள் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

"வித்தியாசம் ஒரு லட்சமா?"

கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"சரி, பெரிய டேங்கே வாங்குங்க. ஆனா பாதிக்கு மேல பெட்ரோல் போடக் கூடாது."