நிபுணர் வருகிறார், ஜமக்காளத்தை விரியுங்கள்

நிபுணர் என்பவருக்கு நம் கல்வித்துறையில் எழுதாத இலக்கணம் ஒன்று உண்டு. அவர் வெளியூர்க்காரராக இருக்க வேண்டும். கையில் பென்டிரைவ் வேண்டும். வகுப்பில் ஒரு பிள்ளையின் பெயர்கூட அவருக்குத் தெரிந்திருக்கக் கூடாது. தெரிந்தால் வாத்தியார் ஆகிவிடுவார், அப்புறம் யார் மதிப்பார்கள்? பேனர் கட்டி, பொன்னாடை போர்த்தி, போட்டோ எடுத்து மேலிடத்துக்கு அனுப்பிவிட்டால் பயிலரங்கு இனிதே நிறைவுற்றது. அதற்குள் பேசினாரா என்பது உபரித் தகவல்.

சரி, ஓர் ஆசிரியை தானே ஆள் பார்த்து அழைக்க நினைத்தால்? பள்ளி மானியம் இருக்கிறதே! 30 பிள்ளைகள் வரை படிக்கும் பள்ளிக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய். 100 பிள்ளைகள் வரை 25,000. அதில் பத்தில் ஒரு பங்கு தூய்மைக்கு என்று முதலிலேயே முடிந்து வைத்தாயிற்று. சாக்பீஸ், கரண்ட் பில், உடைந்த குழாய் எல்லாம் போக நிபுணருக்கு ஒரு டீயும் வடையும் தேறலாம். வடை சந்தேகம்.

அந்தக் காசும் ஒழுங்காக வருகிறதா? 2024-25க்குத் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய, இந்த மானியமும் அடங்கிய சமக்ர சிக்‌ஷா நிதி 2,152 கோடியை, பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை என்று டில்லி நிறுத்தி வைத்தது. அப்பனிடம் கந்துவட்டி வசூலிக்க வருகிறவன்கூடப் பிள்ளையின் சிலேட்டைப் பிடுங்கிக்கொண்டு போவதில்லை.

சென்னை மட்டும் யோக்கியமா? 2012இல் ஓவியமும் தையலும் கணினியும் உடற்கல்வியும் சொல்லித்தர 16,000க்கு மேற்பட்டவர்களைப் பகுதிநேர ஆசிரியர்களாக எடுத்தார்கள். மாதம் 5,000 ரூபாய். சிறிது சிறிதாக ஏறிய அதை 2023இல் 12,500 ஆக்குகிறோம் என்று அறிவித்ததே பெரும் கொடை. கலையும் தொழிலும் கற்றவர் பள்ளிக்கு உள்ளேயே இருக்கிறார், பாவம். வெளியிலிருந்து வந்திருந்தால் பொன்னாடையாவது கிடைத்திருக்கும்.

வெளியிலிருந்து வந்தவர் லட்சணத்தையும் பார்த்தோம். 2024இல் சென்னை அரசுப் பள்ளி ஒன்றில் மகாவிஷ்ணு என்றொரு பேச்சாளர், உடற்குறைகளுக்கு முற்பிறவிப் பாவமே காரணம் என்று பிள்ளைகளுக்கு ஞானம் வழங்கினார். எழுந்து தட்டிக்கேட்டவர் பார்வையற்ற ஆசிரியர் ஒருவர். ஞானி அவரிடமே எகிறினார். பிறகு கைது, விசாரணை, தலைமை ஆசிரியர் இடமாற்றம், பள்ளி நிகழ்ச்சிகளுக்குப் புதிய விதிமுறை வரும் என்ற அறிவிப்பு. மைக்கை அவர் கையில் கொடுத்தபோது ஒருவருக்கும் விதிமுறை ஞாபகம் வரவில்லை.

எங்கள் பக்கம் வாருங்கள். பிளஸ் டூ தேர்ச்சியில் விருதுநகர் மாவட்டத்துக்கு 2023இல் மாநில முதலிடம், 97.85 சதவீதம். வேதியியலைக் கரைத்துக் குடித்த பிள்ளைகள். இவர்களில் எத்தனையோ பேரின் அம்மா விடிந்ததும் பட்டாசு ஆலை வேனில் ஏறுகிறார். மருந்து அறைக்குள் இரும்புச் சாமானும் நைலான் சேலையும் ஏன் ஆகாது, கலவையை ஏன் தேய்க்கக் கூடாது, நாலு பேர் இருக்கவேண்டிய அறையில் கூட்டம் சேர்ந்தால் என்ன ஆகும், இடம் பத்தாமல் மரத்தடியில் வேலை நடப்பது எதனால், நாக்பூர் வெடிபொருள் அலுவலக லைசென்ஸ் ஒருவர் பெயரிலும் உள்குத்தகை இன்னொருவர் கையிலும் எப்படி வந்தது — அத்தனையும் அவருக்கு அத்துப்படி. வேதியியல், பொருளாதாரம், சட்டம் மூன்றையும் ஒரே பாடவேளையில் நடத்தக்கூடியவர். ஆனால் அவரிடம் லெட்டர்பேட் இல்லை. ஆகவே நிபுணர் இல்லை.

2012 செப்டம்பர் 5, ஆசிரியர் தினம். முதலிப்பட்டி ஓம்சக்தி பட்டாசு ஆலை வெடித்து ஏறத்தாழ 40 பேர் செத்தார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களே அல்லர். புகையைப் பார்த்து, காப்பாற்றவும் வேடிக்கை பார்க்கவும் ஓடியவர்கள். ஒரு வெடிச் சத்தத்தோடு முடியாது, பின்னாலேயே அடுத்தது வரும், கிட்டே போகாதே: இதைச் சொல்லித்தர எந்த ஐ.ஐ.டி.யிலிருந்து ஆள் வரவேண்டும்? எத்தனை லட்சம் ஒதுக்க வேண்டும்?

அதன்பிறகும் ஆலைகள் வெடித்தன. அச்சன்குளம் 2021. ரெங்கபாளையம் 2023. சின்னக்காமன்பட்டி 2025. ஒவ்வொரு முறையும் நிவாரணம் அறிவிக்கிறார்கள், லட்சக்கணக்கில், தாமதமில்லாமல். செத்தவளுக்கு லட்சங்களில் காசோலை எழுதத் தெரிந்த அரசாங்கத்துக்கு, அவள் உயிரோடிருக்கையில் ஒருநாள் கூலியை மதிப்பூதியமாகக் கொடுத்து வகுப்பறைக்கு அழைக்க ஒரு செலவுத் தலைப்பு கிடைக்கவில்லை.

தலைமை ஆசிரியர்களே, அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் எழுதுங்கள். கருத்தாளர்: சரவெடி பின்னும் தொழிலாளி. மதிப்பூதியம்: அன்றைய கூலிக்குக் குறையாமல். தணிக்கைக்காரர் செல்லாது என்பார். சொல்லட்டும். அதை எழுத்தில் கேட்டு வாங்கி, முத்திரையோடு பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். பெற்றோர் படிக்கட்டும்.