நேத்துப் பொறந்த தாத்தா கடை

வாடா பேராண்டி, உட்காரு. கோலி சோடாக் கம்பெனி போடப் போறியாமே, சந்தோசம். லேபிளை உங்க ஆத்தா காட்டினா. மங்கின மஞ்சத் தாளு, தடித் தடியா எழுத்து, நடுவுலே ஒரு சைக்கிள், அடியிலே "1952 முதல்". நீ பொறந்ததே கம்ப்யூட்டர் வந்த பொறவு. உன் கம்பெனி மட்டும் எப்படிடா உனக்கு மூத்துச்சு? விருதுநகர் காளிமார்க்காரங்க 1916-ன்னு சொல்லிக்கலாம், அவங்க அன்னிக்கே ஆரம்பிச்சவங்க. நீ இன்னும் பாட்டிலே கழுவலை.

"பாட்டன் காலத்துப் பாரம்பரியச் சோடா"ன்னு வேறே போட்டிருக்கே. யாரு பாட்டன்? அந்தக் கோலி பாட்டிலுக்கு 1872-லே காப்புரிமை வாங்கினவன் ஹைரம் காட்னு ஒரு இங்கிலீஷ்காரன். உள்ளே இருக்கிற கேஸே கோலியை மேலே தள்ளி, கழுத்து ரப்பர் வளையத்தோட ஒட்டி மூடிக்கும். தனி மூடி வேண்டாம். அன்னிக்கு அது அதிசயம். லேபிளுக்கு நீ சுடப் பார்க்கிற காலண்டர் சாமி படம் இருக்கே, நம்ம கோவில்பட்டி கொண்டையராஜு பாணி, அதுவும் வந்தப்போ புதுச் சரக்குதான். அந்தக் காலத்து வியாபாரி புதுசு புதுசுன்னுதான் கூவினான். பழசு பழசுன்னு கூவ உங்களாலேதான் முடியும்.

நான் வேண்டாங்கலை. பழைய வேசம் ஓடும். பழசைப் பார்த்தா சனங்களுக்கு, "இவன் நாளைக்கே கடையைச் சாத்திட்டு ஓட மாட்டான்"னு ஒரு நம்பிக்கை. அதைத்தான் நீ கடன் வாங்குறே. முதல் பாட்டில் அந்தக் கடன்லே விக்கும். ரெண்டாவது பாட்டில் கேஸ்லேதான் விக்கும்.

2023-லே ரிலையன்ஸ் காம்பா கோலாவைத் தூசி தட்டிக் கொண்டாந்துச்சே, "எல்லாம் பழைய நினைப்பு"ன்னாங்க. பெட்டிக்கடையிலே நின்னு குடிக்கிற பயலைப் பாரு, மீசையே முளைக்கலை. அந்தக் கோலா கொடிகட்டிப் பறந்தப்போ அவன் அப்பனே டவுசர் போட்ட பையன். இவனுக்கு என்னடா பழைய நினைப்பு? 200 மில்லி பத்து ரூபாய்க்குக் கிடைக்குது, வாங்குறான். நீ அட்டை அலங்காரத்துக்குச் செலவழிச்சுட்டுச் சோடாவுக்கு அறுபது ரூபா வைக்கப் போறே. அறுபது ரூபா கொடுத்தவன் ஏப்பம் வரலேன்னா ஏசாம போவானா?

அதனாலே கேட்டுக்கோ. அந்த வருசத்தை அழி. மஞ்சத் தாளு இருக்கட்டும். தயாரிச்ச தேதி, காலாவதித் தேதி, லைசென்ஸ் நம்பர் மட்டும் பளிச்சுன்னு இருக்கட்டும். அதையும் மங்கலா அடிச்சா, ஆபீசர் வந்து, "ஆகா, என்ன கலைநயம்"னு சொல்ல மாட்டார். "இன்று ரொக்கம் நாளை கடன்" பலகையை மாட்டு, பக்கத்துலேயே கியூஆர் அட்டையும் ஒட்டு. முக்கியமா, சோடாவை நீ உடைச்சுக் கொடுக்காதே. வாங்குறவனையே கட்டைவிரலை வச்சு அழுத்தச் சொல்லு. டொப்புன்னு கோலி இறங்கும், கேஸ் சீறும், சட்டை நனையும், கூட வந்தவ சிரிப்பா. அதை அவனே செல்போன்லே படம் பிடிச்சு ஊரெல்லாம் அனுப்புவான். விளம்பரத்துக்குச் சல்லிக்காசு செலவில்லை. உன் லேபிள்லே இருக்கிற அத்தனை பழசும் சேர்ந்தாலும் அந்த ஒரு டொப்புக்கு ஈடாகாது.

அப்புறம், "நிறுவனர்"னு போட என் முறுக்கு மீசைப் படத்தைக் கேட்டியாம். தாராளமா எடுத்துக்கோ. நான் சோடாக் குடிச்சவனே தவிர அடைச்சவன் இல்லைங்கிறதைச் சின்ன எழுத்துலேயாவது போட்டுடு. சோடா சப்புன்னு இருந்தா சனங்க உன்னையா தேடுவாங்க? இந்த மீசையைத்தான் தேடி வருவாங்க. அந்த அபாயத்துக்கு மாசம் பொறந்தா மீசை வாடகை தனியா வந்துடணும், சொல்லிப்புட்டேன்.