பெண்களை ஐந்து அங்குலம் நீட்டித் தரக் கோரும் விண்ணப்பம்

பெறுநர்: ஒன்றிய அரசின் ஜவுளி அமைச்சகம், புது தில்லி.

பொருள்: ஆடை – அச்சிட்ட வெட்டுத்தாள் – ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரப் பெண்களின் உயரத்தைக் கூட்டித் தருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அமைச்சகத்திற்கு,

ஷீத் என்பது இடுப்பில் துண்டாக்கி இணைக்காமல் தோளிலிருந்து முழங்கால்வரை ஒரே வீச்சாக இறங்கி, தையற்காரர்கள் 'டாட்' எனச் சொல்லும் கூர்மடிப்புகளால் மட்டுமே உடலோடு ஒட்டி நிற்கும் கவுன் ஆகும். இதனை வீட்டில் தைப்போருக்கென, வெட்ட வேண்டிய பகுதிகளை அளவெண் வாரியாக அச்சிட்ட மெல்லிய தாள்கள் உறையிலிட்டு விற்கப்படுகின்றன. 1863இல் எபனேசர் பட்டரிக் என்னும் அமெரிக்கத் தையற்காரர் தொடங்கிவைத்த இவ்வணிகத்தின் வழக்கமான அட்டவணைப்படி, 12ஆம் எண்ணுக்குரியவள் 34 அங்குல மார்பும், 26½ அங்குல இடுப்பும், 'சீட்' எனப்படும் பின்புறச் சுற்றளவு 36 அங்குலமும் கொண்டு, செருப்பில்லாமலேயே ஐந்தடி ஐந்தங்குலம் நிற்கிறாள். இந்தியப் பெண்களின் சராசரி உயரமோ ஐந்தடியை ஒட்டியது. குறை தாளில் உள்ளதா, பெண்ணில் உள்ளதா என்னும் வினாவுக்கு, அச்சில் வந்தது தவறாகாது என்னும் மரபுப்படி, பெண்ணில்தான் என்று முடிவுகொண்டே இவ்விண்ணப்பம் வரையப்படுகிறது.

இம்முடிவு இவ்வட்டாரத்திற்குப் புதிதன்று. ஒரகடத்துத் தொழிற்சாலைகளில் ஒரு பாகம் வரைபடத்துக்குப் பொருந்தாவிட்டால் வரைபடத்தைத் திருத்துவதில்லை. பாகத்தைத்தான் 'ரிஜெக்ட்' என்று ஒதுக்கிவைப்பர். வல்லம் வடகாலில் மாநில அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட் கட்டி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட பெண் தொழிலாளர் விடுதியில் 18,720 படுக்கைகள் ஆயத்தமாக இருப்பதால், ஷிப்ட் முடிந்து உறங்குவோரைத் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் பிடித்திழுப்பதற்குக் கட்டடச் செலவும் இராது.

கவுனின் கீழ்விளிம்பில் ஐந்தங்குலத்தை வெட்டிவிட்டால் போதாதா என்று கோப்பைப் பார்க்கும் அலுவலர் குறிப்பெழுதக்கூடும். போதாது. இடுப்பைப் பிடிக்கும் டாட் இரு முனையும் கூர்ந்து நடுவில் அகன்றிருப்பது. அதன் அகலமான இடம், பின்கழுத்திலிருந்து 16¼ அங்குலம் கீழே இடுப்பு இருக்கும் என்னும் நம்பிக்கையில் வரையப்பட்டது. முதுகு அதைவிடக் குட்டையானவளுக்கு அவ்விடம் இடுப்பைத் தாண்டிச் சீட்டின்மேல் இறங்கி, தளர வேண்டிய இடத்தில் இறுக்க, மேலே மிஞ்சிய துணி முதுகில் சுருண்டு மடிகிறது. நீட்டவோ குறைக்கவோ தாளிலேயே ஓர் இரட்டைக் கோடு உண்டு. அங்கே மடித்து ஒட்டினால் டாட் மேலேறும். எவ்வளவு மடிப்பது என்பது காடாத்துணியில் ஒருமுறை தைத்து, போட்டுப் பார்த்த பின்னரே தெரியும். தவறினால் பிரித்துவிடவும் வழி குறைவு: தாள் தையலுக்கென விடுவது 5/8 அங்குலம் மட்டுமே.

இத்தகைய அளவெண்களின் குலவரலாறும் அமைச்சகம் அறியத்தக்கது. 1939–40இல் அமெரிக்க வேளாண்மைத் துறை ஏறத்தாழ 15,000 பெண்களை ஆளுக்கு 59 இடங்களில் அளந்தது. வெள்ளையரல்லாத பெண்களையும் அளந்துவிட்டு, கணக்கில் மட்டும் அவர்களை விட்டுவிட்டது. அதன் வழியே 1958இல் பிறந்த தேசியத் தரம் 1983இல் அமெரிக்காவிலேயே கைவிடப்பட்டது. அமைச்சகமோ 2018இல் அறிவித்த திட்டத்தில், தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனத்தின் வாயிலாக, ஆறு நகரங்களில் 15 முதல் 65 வயதுவரையுள்ள 25,000க்கும் மேற்பட்டோரை முப்பரிமாணக் கருவியால் அளக்க முனைந்தது. முனைந்தது நன்றே. அவ்வளவுகள் ஆயத்த ஆடை ஆலைகளோடு நின்றுவிடாமல், வீட்டில் தைப்பவள் வாங்கும் உறையின் முதுகிலும் அச்சேறுமாயின், மேற்கண்ட இழுப்புத் திட்டத்தைத் திரும்பப் பெறுவதில் விண்ணப்பதாரர்களுக்கு மறுப்பில்லை.

இப்படிக்கு,
12ஆம் எண்ணுக்குள் அடங்காதோர்,
ஒரகடம்.

நகல்: வட்டாரத் தையற்கடைகளுக்கு, தகவலுக்காக மட்டும். அவர்கள் அளவு பிளவுஸை வாங்கிவைத்துத் தைப்பதாலும், பிரித்துவிட உள்ளே தாராளமாகத் துணி விடுவதாலும் நடவடிக்கை ஏதும் தேவையில்லை.