மடியில் கனம்

மாப்பிள்ளை அழைப்பில் ஊரே மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்க, ஒருவர் மட்டும் அண்ணாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். கையில் ரிமோட், கழுத்தில் வார், நெற்றியில் வியர்வை. அவர்தான் ட்ரோன்காரர், கொஞ்ச வருஷம் முன்புவரை ஹெலிகேம்காரர். பந்தியில் அவருக்கு ஒரு இலை போட யாருக்கும் ஞாபகம் வராது. ஆனால் வீடியோ வந்ததும், மண்டபத்துக் கூரைக்கு மேலிருந்து எடுத்த அந்த ஒரு ஷாட்டைத்தான் குடும்பமே திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கும். கல்யாணங்கள் கோவாவுக்கும் உதய்ப்பூருக்கும் இடம்பெயர்ந்த பிறகு இவரும் விமானம் ஏற ஆரம்பித்துவிட்டார். அங்கே பாதுகாப்புச் சோதனை வரிசையில் இவரைப் பற்றி ஓர் அபிப்பிராயம் உண்டு: பொறுப்பில்லாத ஆள். அது தவறு. அந்த வரிசையில் நிற்கிறவர்களிலேயே பொறுப்பு அதிகம் உள்ளவர் இவர்தான். அந்தப் பொறுப்பு எதைப் பார்த்துப் பிறக்கிறது என்பதில்தான் கோளாறு. இவருடைய அக்கறை பொருளின் விலையைப் பார்த்து வருகிறது. அதன் குணத்தைப் பார்த்து வருவதில்லை. விமானப் பயணத்தில் இவர் படும் பாடு அத்தனைக்கும் இந்த ஒன்றே காரணம்.

கிளம்புவதற்கு முந்தின இரவு இவர் பெட்டி அடுக்குவதைப் பார்த்தால் இது விளங்கும். விலை அதிகமான ட்ரோனுக்கு முதல் மரியாதை. கைகளை மடக்கி, கேமராவுக்கு மூடி போட்டு, ஸ்பாஞ்சு வெட்டிய பெட்டியில் படுக்கவைப்பார். பக்கத்து சீட்டுக்காரரின் முழங்கை அந்தப் பெட்டியில் பட்டால்கூட முறைப்பார். பேட்டரிகள் நாலைந்து இருக்கும். ட்ரோனைவிட விலை குறைவு என்பதால் அவற்றுக்கு இரண்டாம் பந்தி: செக்-இன் பெட்டியில், வேட்டிக்கும் துண்டுக்கும் நடுவில், அடிபடாமல் இருக்கப் பனியனில் பாதி சுற்றி, ஸ்க்ரூடிரைவரும் சில்லறையும் சாவிக்கொத்தும் கிடக்கும் அதே மூலையில். உள்ளே வைக்கும் முன் எல்லாவற்றையும் நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றி, பொத்தானை அமுக்கி, நாலு விளக்கும் எரிகிறதா என்று பார்த்துக்கொள்வார். ஒன்று மட்டும் லேசாக உப்பியிருக்கும். “பறக்குதுல்ல? அப்புறம் என்ன?” என்று உதவியாளத் தம்பியிடம் சொல்லிவிட்டு அதையும் உள்ளே தள்ளுவார். இதில் அலட்சியம் எங்கேயாவது இருக்கிறதா? ஒவ்வொரு காரியமும் அக்கறையோடு செய்யப்பட்டது, ஒவ்வொன்றும் தப்பு. கைப்பையில் வரவேண்டியது அடிப்பெட்டிக்குப் போகிறது. முனை மூடியிருக்க வேண்டியது இரும்போடு உரசிக்கொண்டு கிடக்கிறது. வீட்டிலேயே நிற்கவேண்டியது ஊர் பார்க்கக் கிளம்புகிறது. பயணத்துக்கு முன் பேட்டரியை 30 சதவீதம் அல்லது அதற்குக் கீழே இறக்கிவிடுங்கள் என்று டி.ஜே.ஐ. ட்ரோன்களின் கையேடே சொல்கிறது. அந்தக் கையேடு மட்டும் இவர் வீட்டில் கசங்காமல் புதிதாக இருக்கும். இறங்கியதும் பறக்கவிட வேண்டாமா என்று கேட்பார். மண்டபத்தில் பிளக் இருக்கிறது; நாதஸ்வரக்காரர் சுருதி சேர்த்து முடிப்பதற்குள் ஒரு பேட்டரி பாதிக்கு மேல் ஏறிவிடும்.

பேட்டரியின் குணம்தான் என்ன? சின்ன இடத்தில் பெரிய சக்தியை அடைத்துவைக்கும் இந்த லித்தியம் அயன் வித்தையை 1991-ல் சோனி கடைக்குக் கொண்டுவந்தது; அதற்கு அடிப்படை போட்ட மூவருக்கு 2019-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. வித்தை பெரிதுதான், ஆனால் உள்ளே நேர்முனையையும் எதிர்முனையையும் பிரித்து வைத்திருப்பது தலைமுடியைவிட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் படலம். கீழே விழுந்து அடிபட்டோ, வெளி முனைகள் இரண்டையும் ஒரு சாவி இணைத்தோ உள்ளே சூடு ஏறினால் அந்தப் படலம் தாங்காது. சூடு வேதிவினையைக் கிளப்பும். வினை மேலும் சூட்டைக் கிளப்பும். உள்ளே இருக்கும் திரவமே எரியக்கூடியது. பேட்டரிக்குள் இருக்கும் செல்களில் ஒன்று பற்றினால் பக்கத்துச் செல்லையும் கூட்டிக்கொண்டுதான் போகும். ஆகவே விமானத்துறை ஒரு பேட்டரிக்குள் எவ்வளவு சக்தி அடைபட்டிருக்கிறது என்று பார்க்கிறது. அதன் கணக்கு வாட்-மணி. 100 வாட்-மணி வரை தனி அனுமதி வேண்டாம். 100-க்கு மேல் 160 வரை என்றால் விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும், உதிரியாக இரண்டுக்கு மேல் கூடாது. 160-ஐத் தாண்டினால் பயணியோடு வரவே முடியாது. வயலில் மருந்தடிக்கும் பெரிய ட்ரோன்களின் பேட்டரிகள் இந்த வகையில்தான் சேரும்.

ட்ரோன்காரருக்குத் தெரிந்ததோ மில்லி ஆம்பியர். எப்போதாவது கைப்பையில் ஒரு பேட்டரியோடு சோதனை வரிசையில் மாட்டினால், “என் பேட்டரி வெறும் ஐயாயிரம் சார், அவர் பவர்பேங்க் இருபதாயிரம். அவரை விட்டுட்டு என்னைப் பிடிக்கிறீங்களே!” என்று முன்னால் நிற்பவரைக் காட்டிக்கொடுப்பார். வோல்ட்டால் பெருக்கிப் பார்த்தால்தான் வண்டவாளம் தெரியும். மேவிக் 3 ட்ரோனின் பேட்டரி 15.4 வோல்ட், 5,000 மில்லி ஆம்பியர்-மணி. ஆக 77 வாட்-மணி. இருபதாயிரம் பவர்பேங்க் 3.7 வோல்ட்டில் 74 வாட்-மணி. கால்வாசி என்று இவர் நினைத்தது மூன்று வாட்-மணி கூடுதல். ட்ரோன் செய்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு அத்துப்படி. இன்ஸ்பயர் 1 என்ற ட்ரோனுக்கு அவர்கள் கொடுத்த ஒரு பேட்டரி, பாட்டா கடை விலைச்சீட்டு மாதிரி, சரியாக 99.9 வாட்-மணி. செய்தவர் விமானத்தை மனதில் வைத்துச் செய்திருக்கிறார். தூக்கிக்கொண்டு போகிறவர்தான் கண்டுகொள்வதில்லை.

அந்த வாட்-மணி எண் பேட்டரியின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். சோதனை அதிகாரி தேடுவது அதைத்தான். கறுப்பு உடம்பில் சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில் இருக்கும் அந்த வரிமேல், நம் ட்ரோன்காரர் தன் ஸ்டூடியோவின் ஸ்டிக்கரை ஒட்டியிருப்பார்: பேர், பூப்போட்ட லோகோ, இரண்டு கைப்பேசி எண்கள். ஸ்டிக்கர் தப்பவிட்ட இடத்தை ஆயுத பூஜை பிடித்திருக்கும். போன வருஷம் வைத்த சந்தனமும் அதன் நடுவில் குங்குமமும் காய்ந்து கெட்டிப்பட்டு, வாட்-மணியின் முதல் இலக்கத்தைச் சரியாக மறைத்திருக்கும். மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை வீரர் பேட்டரியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், நகத்தால் சுரண்டுவார், “யே க்யா ஹை?” என்பார். இவர் குங்குமத்தைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்து, “பூஜா, பூஜா” என்பார். பின்னால் வரிசை பெருமூச்சு விடும். இந்தக் காட்சியில் அதிகாரியைக் கெடுபிடிக்காரர் என்று ஏசுவது சுலபம். ஆனால் எண் தெரியாத பேட்டரியை ஏற்றிவிடு என்று அவரைக் கேட்பது, பேர் தெரியாத மாத்திரையைக் கொடு என்று மருந்துக்கடையில் நிற்பதற்குச் சமம். பொருளைக் கும்பிடுவது நல்ல பழக்கம்தான். பொட்டை அரை அங்குலம் தள்ளி வைத்தால் சாமி கோபித்துக்கொள்ளாது.

இவர் தரப்பில் ஒரு வலுவான கேள்வி உண்டு. இவ்வளவு ஆபத்தானது என்றால் ஆட்கள் உட்காரும் இடத்துக்கு ஏன் கொண்டுவரச் சொல்கிறார்கள்? யாரும் இல்லாத சரக்கறையில் போட்டுத் தொலைக்கலாமே? மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்று கேட்டு வளர்ந்தவருக்கு இந்தச் சந்தேகம் வருவது நியாயம். லித்தியம் பேட்டரிக்கு மட்டும் அந்தப் பழமொழி தலைகீழ். கனம் மடியில் இருந்தால்தான் வழியில் பயமில்லை. விமானத்தின் சரக்கறையில் தீயை அடக்க ஹாலான் வாயு இருக்கிறது. அது வெளிச்சுவாலையை அமுக்கும். செல்லுக்குள் ஓடும் சூட்டைத் தணிக்காது, பக்கத்துச் செல்லுக்குப் பரவுவதைத் தடுக்காது. மேலே கேபினில் பற்றினால் புகை வந்த கணமே பத்துப் பேர் கண்ணில் படும். பணியாளர் தீயணைப்பானை அடித்துவிட்டுத் தண்ணீரை மேலே மேலே ஊற்றிக் குளிரவைப்பார். பனிக்கட்டி மட்டும் கூடாது, அது போர்வையாக மூடிச் சூட்டை உள்ளே பிடித்துவைக்கும் என்பதுவரை பாடம் இருக்கிறது. பேட்டரியை அடிப்பெட்டியில் அனுப்புகிறவர், ஒரு விமானத்தையே வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு பறக்கவைக்கிறார். இது வெறும் பூச்சாண்டி இல்லை. 2010 செப்டம்பர் 3-ஆம் தேதி துபாயிலிருந்து ஜெர்மனியின் கொலோன் நகருக்குக் கிளம்பிய யூ.பி.எஸ். சரக்கு விமானத்தில், லித்தியம் பேட்டரிகள் நிறைந்த சரக்கில் தீப்பற்றியது. திரும்பி வர முயன்ற விமானிகளுக்குப் புகையில் எதிரே இருந்த கருவிகளே தெரியவில்லை. இருவரும் இறந்தார்கள். அதற்குப் பின் விதிகள் இறுகி, 2016 ஏப்ரல் முதல் பயணிகள் விமானத்தில் தனிச் சரக்காக லித்தியம் அயன் பேட்டரிகளை ஏற்றுவதையே சர்வதேசச் சிவில் விமான அமைப்பு நிறுத்திவிட்டது.

அடுத்த கேள்வி: எல்லார் சட்டைப் பையிலும் கைப்பேசி இருக்கிறதே, அதிலும் லித்தியம்தானே? ஆமாம். ஆனால் கைப்பேசியின் பேட்டரி தன் வீட்டுக்குள் குடியிருக்கிறது. ட்ரோனின் உதிரி பேட்டரி வெளியே தனியாகச் சுற்றுகிறது. கைப்பேசியில் இருப்பது பெரும்பாலும் இருபது வாட்-மணியை ஒட்டித்தான்; இவர் நாலைந்து பேட்டரிகளில் முந்நூறுக்கு மேல் சுமக்கிறார். போதாக்குறைக்கு இவை தென்னைமரத்தில் மோதியவை, கல்யாண வாசல் சிமெண்டுத் தரையில் விழுந்து எழுந்தவை. “இத்தனை தடவை கொண்டுபோயிருக்கேன், ஒண்ணும் ஆகலையே” என்பது இவருடைய கடைசி அஸ்திரம். ஒன்றும் ஆகாதவரை எல்லாருக்கும் அப்படித்தான். 2025 ஜனவரி 28 அன்று தென்கொரியாவின் பூசான் நகரில் ஏர் பூசான் விமானம் ஒன்று கிளம்பக் காத்திருந்தபோது, தலைக்கு மேலிருந்த பெட்டியறையில் தீ எழுந்தது. ஒரு பவர்பேங்க்தான் காரணமாக இருக்கக்கூடும் என்று விசாரணையில் தெரிந்தது. தரையில் நின்றதால் 176 பேரும் உயிரோடு இறங்கினார்கள்; விமானத்தின் கூரை எரிந்து திறந்துகொண்டது. அதன்பின் கொரிய அரசு, பவர்பேங்கை மேலே வைக்காதே, கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள் என்றது. கேபினுக்குள் கொண்டுவந்தால் மட்டும் போதாது, கண் பார்வையில் இருக்கவேண்டும் என்பதே அதன் பாடம்.

இவர் சொல்லும் ஒரு குறையை மட்டும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். போகும்போது விட்ட பேட்டரியை வரும்போது பிடிக்கிறார்கள். ஒரு நிறுவனம் ஐந்து என்கிறது, இன்னொன்று வேறு எண் சொல்கிறது. கவுண்டரில் இருப்பவருக்கும் வாசலில் இருப்பவருக்கும் ஒத்துப்போவதில்லை. இது உண்மை, எரிச்சல் வருவதும் நியாயம். ஆனால் கிளைகள் எப்படி ஆடினாலும் அடிமரம் ஒன்றுதான்: உதிரி பேட்டரி கையோடு வரவேண்டும், முனைகள் டேப்போ தனிப்பையோ போட்டு மூடியிருக்க வேண்டும், எண் தெரியவேண்டும், உப்பியது வரக்கூடாது. எண்ணிக்கையை டிக்கெட் எடுக்கும்போதே நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளலாம். நிறுவனங்களும் பயணிகளும் சேர்ந்து கோட்டைவிடும் இடம் வேறு ஒன்று. மேலே இடம் இல்லை என்றோ, ஏ.டி.ஆர். போன்ற சின்ன விமானம் என்றோ கைப்பையைப் படிக்கட்டருகே வாங்கி அடியில் போடுவார்கள். அந்த அவசரத்தில், ஒழுங்காகக் கைப்பையில் வந்த பேட்டரிகளும் பையோடு கீழே போய்விடும். ட்ரோனைக் கொடுக்க மாட்டேன் என்று அங்கே மல்லுக்கட்டும் நம்மவர், பேட்டரிகளை எடுத்துக்கொள்ள மறந்துவிடுவார். அக்கறை அங்கேயும் விலையைத்தான் பார்க்கிறது.

ஆகவே இவரிடம் விமானத்தில் இருக்கும் நூற்றெண்பது உயிர்களைப் பற்றிப் பேசிப் பிரயோஜனமில்லை, தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். விலையைச் சொல்ல வேண்டும். அடிப்பெட்டியில் பேட்டரி தென்பட்டால் பெயர் சொல்லி அழைத்துப் பெட்டியைத் திறக்கவைப்பார்கள், பேட்டரி போனது போனதுதான். அது பல ஆயிரம் ரூபாய்ச் சரக்கு. 2022 பிப்ரவரி முதல் முழு ட்ரோன்களின் இறக்குமதிக்கு இந்தியாவில் தடை. உதிரிபாகங்களுக்குத் தடை இல்லை என்றாலும் அடுத்த முகூர்த்தத்துக்குள் இன்னொரு பேட்டரி கிடைக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. பெண்ணின் அப்பா ட்ரோன் ஷாட்டுக்கு முன்பணம் கொடுத்திருக்கிறார். இதைக் கேட்ட கணத்தில் பனியனுக்குள் இருந்த பேட்டரிகள் கைப்பைக்கு ஏறும், முனைகளில் டேப் ஒட்டப்படும், ஸ்டிக்கர் கிழிபடும். மனம் திருந்தியதால் வந்த மாற்றம் இது இல்லை, பர்ஸ் திருந்தியதால் வந்தது. அதனால் என்ன? தீ காரணம் கேட்டுப் பற்றுவதில்லை. காரணம் கேட்டு அணைவதும் இல்லை.