விருதுநகர் வட்டாரப் பாச விளிகளும் அவற்றின் தள்ளுபடி விகிதமும்: ஓர் ஆய்வு

விளி வேற்றுமையை எட்டாவதாக வைத்து, கூப்பிடும்போது எந்த எழுத்து எப்படித் திரியும் என்று விரிவாகச் சொன்ன நம் இலக்கண நூலார், கூப்பிடப்பட்டவரின் முகம் எப்படித் திரியும் என்று சொல்லாமல் விட்டுவிட்டார்கள். முன்பின் தெரியாத ஒருவர் ‘ராசா’ என்றோ ‘தாயி’ என்றோ விளிக்கும்போது கேட்பவருக்குள் நடப்பது என்ன? இந்தக் குறையைப் போக்கவே இச்சிற்றாய்வு. களம்: விருதுநகர் பஸ் ஸ்டாண்ட், சாத்தூர் சேவுக்கடைகள், சிவகாசிப் பட்டாசுக் கடைகள். உதவித்தொகை: யாரும் தரவில்லை.

முதல் முடிவு: இங்கே பாசமும் பட்டாசும் ஒரே முறையில்தான் விற்பனையாகின்றன. பட்டாசு விலைப்பட்டியலில் ஒரு விலை அச்சாகியிருக்கும். வாசலிலேயே ‘80 சதம் தள்ளுபடி’ என்று பலகை தொங்கும். அச்சிட்ட விலையை யாரும் நம்புவதில்லை. அதற்காக யாரும் கோபித்துக்கொள்வதும் இல்லை. ‘வாங்க அண்ணாச்சி, நம்ம கடை!’ என்பதும் அச்சிட்ட விலைதான். தள்ளுபடி போக மிஞ்சுவது அசல் மரியாதை. உள்ளூர்க்காரர் இதை மனக்கணக்காகவே கழித்துக்கொள்கிறார். வெளியூர்க்காரரோ முழு விலைக்கு வாங்கி, நெகிழ்ந்துபோய், லட்சுமி வெடிக்குப் பேரம் பேச மறந்துவிடுகிறார்.

பேரம் முற்ற முற்ற விளி தேய்வதையும் காணலாம். ‘அண்ணாச்சி’ முதலில் ‘அண்ணே’ ஆகும். கடைசியில் ‘சார்’ ஆகும். ‘சார்’ வந்துவிட்டால் இனி ஒரு ரூபாய்கூட இறங்காது என்று அறிக.

தள்ளுபடியே இல்லாத விளியும் உண்டு. ‘ஏ ராசா, இந்த வண்டி திருத்தங்கல் போகுமாய்யா?’ என்று கேட்கும் பாட்டியிடம் முகம் சுளித்த ஆள் இந்த ஆய்வில் அகப்படவே இல்லை. எரிச்சலில் ஊறிய கண்டக்டர்கூட, ‘போகும் ஆத்தா, பாத்து ஏறு’ என்கிறார். ஆனால் அதே ‘ராசா’வை ஒரு காப்பீட்டு முகவர் சொன்னால் கை தானாகச் சட்டைப்பையைப் பொத்துகிறது.

மனிதர்கள் உண்மையில் புண்படுவது வயதில்தான். உறவு கொண்டாடியதற்காக இங்கே யாரும் சண்டை பிடிப்பதில்லை. எந்த உறவு என்பதில்தான் தகராறு. நேற்றுவரை ‘அண்ணே’யாக இருந்தவரை டீக்கடைப் பையன் இன்று ‘பெரியவரே’ என்கிறான். கேட்காமல் வந்த அந்தப் பதவி உயர்வை ஏற்க மறுத்து, அவர் நேராக மீசைக்கு மை வாங்கப் போகிறார். பெண்களிடம் ‘அக்கா’வுக்கும் ‘அம்மா’வுக்கும் நடுவே உள்ள எல்லைக்கோடு, வெடிமருந்துக் கிடங்குக்குச் சட்டம் வகுத்த இடைவெளியைப் போல, மீறத் தகாதது. கைதேர்ந்த ஜவுளிக்கடைக்காரர்கள் பத்து வயது குறைத்தே கூப்பிடுகிறார்கள். ‘செல்லம்’, ‘டார்லிங்’ வகையறாக்களுக்கு மறுமொழி செருப்பின் வழியே வரும் என்பதால் அவை இந்த ஆய்வுக்கு வெளியே.

இன்னொன்று. அந்நியர்மேல் பிரியத்துக்குப் பஞ்சமில்லாத இந்த ஊர்களில் ‘அண்ணே’, ‘தம்பி’, ‘அக்கா’ தாராளமாகப் புழங்க, ‘மாமா’, ‘மச்சான்’ மட்டும் ஆளறிந்தே வெளிவருகின்றன. பின்னவற்றில் பெண் கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. அதற்கு முதலில் சாதி தெரிந்தாக வேண்டும். அதே சாதியின் பேரால், பல் விழுந்த கிழவரை அரைக்கால் சட்டைப் பையன் பேர் சொல்லி ‘வாடா’ என்றழைத்த காலமும் இந்தக் கரிசல் மண்ணுக்கு உண்டு. அன்று அந்தக் கிழவருக்கு ஓர் ‘அண்ணே’கூடக் கிடைத்ததில்லை. இந்த இடத்தில் மட்டும் ஆய்வாளருக்குச் சிரிப்பு வரவில்லை.

வரலாற்றுச் சான்றும் ஒன்று தருவோம். கண்டறியாத லட்சக்கணக்கானோரைத் ‘தம்பி’ என்றழைத்துக் கடிதம் எழுதியவர் அண்ணாதுரை. 1967இல் இதே விருதுநகரில் அந்தத் தம்பிகளில் ஒருவரான மாணவர் தலைவர் பெ. சீனிவாசன், அந்த ஊரே ஈன்ற காமராசரை 1,285 ஓட்டில் தோற்கடித்தார். விளிச்சொல்தான் வென்றது என்று துணிய முடியாது. அரிசித் தட்டுப்பாடும் இந்தி எதிர்ப்பும் கூடவே நின்றன. ஆனாலும் ‘தம்பி’க்குத் தள்ளுபடி கேட்காமல் முழு விலையும் கொடுத்தவர்கள் இருந்தார்கள் என்பது பதிவுக்குரியது.

தீபாவளிக்குச் சிவகாசி வரும் வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கடைக்காரரை ‘ப்ரோ’ என்னாதீர்கள். ‘அண்ணாச்சி’ என்று நீங்களே முந்திக்கொள்ளுங்கள். பில் போட்ட பிறகும் ஒரு பாம்பு மாத்திரைப் பெட்டி இனாமாகக் கேட்கலாம்.