யந்திர உபாசகர்

ஊரார் வாங்கும் கணிப்பொறியையே தாமும் வாங்கி, அதில் ஊரார் செய்யும் காரியங்களையே செய்து, அது படுத்துக்கொண்டால் கடைக்காரரிடம் தூக்கிச் சென்று, அவர் கேட்ட தொகையைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக வீடு திரும்பும் சாமானிய ஜனங்களைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? நான் சொல்லப்போகிறவர் வேறு வர்க்கத்தைச் சேர்ந்தவர். சென்னை போன்ற பட்டணத்தில்கூடப் பேட்டைக்கு ஒருவர் தேறினால் அதிகம்; அப்படித் தேறியவர்களும், பழக்கம் முற்றினால் உதிரி பாகம் இரவல் கேட்கக் கூடுமே என்ற ஜாக்கிரதையினால், ஒருவரோடொருவர் அளவாகவே சிநேகம் பாராட்டுவார்கள்.

அவருடைய வீட்டு முன்னறையில், மற்றவர்கள் தொலைக்காட்சிப் பெட்டி வைக்கும் இடத்தில், முகமெல்லாம் துளையிட்ட அலுமினியப் பெட்டி ஒன்று வீற்றிருக்கும். ‘பவர் மேக் ஜி5’ என்பது அதன் திருநாமம். 2003-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் ஆப்பிள் கம்பெனியார் அறிமுகம் செய்த அந்த யந்திரம், ஐ.பி.எம். தயாரித்த பவர்பிசி 970 என்னும் 64 பிட் செயலியைத் தாங்கிக்கொண்டு அச்சகங்களிலும் விளம்பர நிறுவனங்களிலும் ராஜமரியாதையோடு வாழ்ந்தது. இரண்டே வருஷங்களில், இனி இன்டெல் செயலிகளையே உபயோகிப்பதென்று அதே கம்பெனியார் அறிவித்து, 2006 ஆகஸ்டில் அதன் ஸ்தானத்தில் வேறொன்றை அமர்த்திவிட்டார்கள்; பெற்ற பிள்ளையைத் தெருவில் விட்டார்கள் என்பது நம்மவருடைய பாஷை. அந்த அநாதையை ஒரு விளம்பர அலுவலகம் எடைக்குப் போடப்போகிறது என்று கேள்விப்பட்ட மாத்திரத்தில் ஓடிச் சென்று, பழைய இரும்புக்காரர் கேட்டதற்கு மேல் நூறு ரூபாய் வைத்து வாங்கி, ஏறத்தாழ இருபது கிலோ எடையுள்ள அதை ஆட்டோவின் ஆசனத்தில் இருத்தி, தாம் விளிம்பில் தொற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். லினக்ஸ் என்னும் இயங்குதளத்தைப் படைத்த லினஸ் டோர்வால்ட்ஸே 2005 வாக்கில் ஜி5 ஒன்றில்தான் வேலை செய்துகொண்டிருந்தார் என்ற உண்மையை, கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர் உட்பட அவ்வீட்டு வாசற்படி மிதித்த அனைவரும் அறிவார்கள்.

காலையில் அவர் யந்திரத்தைத் துவக்குவது ஓர் அனுஷ்டானம். இடது கையால் கமாண்ட், ஆப்ஷன், ஓ, எஃப் என்னும் நான்கு விசைகளையும் ஏககாலத்தில் அழுத்திக்கொண்டு, வலது கையை நீட்டிப் பவர் பொத்தானைத் தொடும் அந்த நிலையில் அவரைக் காணும் புதியவர்கள், ஏதோ யோகாசனம் என்று எண்ணி மரியாதையாக வெளியே காத்திருப்பதுண்டு. திரை வெளுக்கும், ஒரு பூஜ்யமும் அதன் பக்கத்தில் ஓர் அம்புக்குறியும் தோன்றும். 1994-இல் ஐ.இ.இ.இ. சங்கத்தார் 1275 என்ற எண்ணிட்டுத் தரப்படுத்திய ‘ஓப்பன் ஃபர்ம்வேர்’ இதுதான். இதன் பாஷை ஃபோர்த். இரண்டும் மூன்றும் எவ்வளவு என்று அறிய வேண்டுமானால், முதலில் இரண்டு என்று எழுதி, பிறகு மூன்று என்று எழுதி, கடைசியில் கூட்டல் குறி போட வேண்டும். வினைமுற்றை வாக்கியத்தின் கடைசியில் வைத்தே பழகிய தமிழனுக்கு இதைவிட இயல்பான பாஷை வேறில்லை என்பது அவர் கட்சி. தினந்தோறும் இந்தத் திரைக்குப் போய்த்தான் ஆக வேண்டுமா என்றால், வேண்டியதில்லை. பேசாமல் விட்டால் யந்திரம் தானாகவே லினக்ஸுக்குள் போய்விடும். ஆனால் ஒரு பெரிய மனிதர் வீட்டுக்குள் போகிறவன், வாசலில் இருக்கும் அவருடைய தகப்பனாரை நலம் விசாரிக்காமல் போகலாமா?

லினக்ஸுக்குள் போன பிறகுதான் மெய்யான விசாரம் ஆரம்பிக்கிறது. அந்தப் பெட்டிக்குள் ஒன்பது விசிறிகள் இருக்கின்றன. அவற்றை அடக்கி ஆள்வதற்கென்று லினக்ஸின் கருப்பகுதியாகிய கெர்னலில் ‘விண்ட்ஃபார்ம்’ என்றொரு பகுதி உண்டு. அது ஏற மறுத்த தினத்தில், கட்டுப்படுத்துவார் இன்றி ஒன்பதும் பூரண வேகத்தில் சுழலத் தொடங்க, தெருக்கோடி மாவு மில் வீட்டுக்கே குடிவந்துவிட்டதுபோல் ஆகிவிடும். எழுதப் படிக்கத் தெரியாத மாடி வீட்டுப் பாட்டி கைப்பிடிச் சுவர் வழியாக எட்டிப் பார்த்து, “ஏன் தம்பி, இன்னிக்கும் கெர்னல் மாத்தினியா?” என்று கேட்கும் அளவுக்கு அந்தக் கட்டடத்தில் ஞானம் பரவியிருக்கிறது.

இதற்குப் பரிகாரம் சுலபம். பழைய கெர்னலுக்கே திரும்பிவிடலாம். அவர் திரும்ப மாட்டார். ஒரு பதிப்புக்கும் அடுத்த பதிப்புக்கும் இடையே கெர்னலில் பதினாயிரத்துக்கு மேற்பட்ட மாற்றங்கள் நிகழ்கின்றன. அவற்றைச் சரிபாதியாக வெட்டி, நடுப்பதிப்பைக் கட்டி ஓடவிட்டு, விசிறி அலறினால் முற்பாதியிலும் அடங்கினால் பிற்பாதியிலும் குற்றவாளி ஒளிந்திருக்கிறான் என்று கொண்டு, அந்தப் பாதியையும் மறுபடி பாதியாக்கிக்கொண்டே போனால், பதினான்கு தடவையில் ஒரே ஒரு மாற்றம் கையும் களவுமாகப் பிடிபடும். ஒவ்வொரு தடவையும் கெர்னலைக் கட்டி முடிக்க அந்த யந்திரத்துக்கு மணிக்கணக்காகிறது. “என் லேப்டாப்பில் கட்டினால் சில நிமிஷத்தில் முடியுமே, மாமா” என்று அவருடைய தங்கை மகன் ஒருமுறை யோசனை சொன்னான். “தன் கெர்னலைத் தானே கட்டிக்கொள்ள மாட்டாத யந்திரமும் ஒரு யந்திரமாடா?” என்று கேட்டுவிட்டு, அவர் அவனோடு அன்று முழுவதும் பேசவில்லை.

அந்தப் பையனின் அக்காள் கல்யாணத்து வீடியோவை அந்த யந்திரத்தில் போட்டுக் காட்டிய வைபவத்தை உறவினர்கள் இன்னும் மறக்கவில்லை. பல இலக்கமுள்ள எண்ணை நினைவகத்தில் எழுதும்போது இன்டெல் செயலி சிறிய பகுதியை முதலில் வைக்கும். ஜி5 பெரிய பகுதியை முதலில் வைக்கும். இன்டெலை மட்டுமே மனத்தில் வைத்து எழுதப்பட்ட நிரல்கள் இங்கே வந்ததும் சிவப்பையும் நீலத்தையும் இடம் மாற்றிவிடுகின்றன. அரக்குக் கூறைப்புடவை கருநீலமாயிற்று. மணமக்கள், சம்பந்திகள், நாதஸ்வரக்காரர் வரை சகலரும் கிருஷ்ண பரமாத்மாவின் வர்ணம் பெற்றார்கள். முகூர்த்த சமயத்தில், கெட்டி மேளம் கொட்டத் தொடங்கிய கணத்தில், அவர் படத்தை நிறுத்தி எழுந்து நின்று, இந்த நீலத்தின் காரணத்தை விளக்க ஆரம்பித்தார். தாலி கட்டி முடிவதற்கு அன்று முக்கால் மணி நேரம் பிடித்தது.

இன்னொரு நாள் காலையில் எந்த இணையதளமும் திறக்கவில்லை. “நெட்டுக்குப் பணம் கட்டலையா?” என்று சமையலறையிலிருந்து வந்த கேள்விக்கு அவர் பதில் சொல்லாமல், திரையின் மூலையில் கடிகாரத்தை நோக்கினார். அது 1904 ஜனவரி முதல் தேதியைக் காட்டிற்று. பழைய மக்கிண்டோஷ் வம்சத்து யந்திரங்கள் அன்றிலிருந்தே விநாடிகளை எண்ணுகின்றன. உள்ளே உள்ள பாட்டரி தீர்ந்ததும் எண்ணிக்கை பூஜ்யத்துக்குப் போய்விட்டது. 1904-இல் நின்றுகொண்டு பார்த்தால், இன்றைய தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் எல்லாம் இன்னும் அமலுக்கு வராதவையாகத்தானே தோன்றும்? தேதியைக் கையால் திருத்தினால் போதும், அப்போதைக்குக் காரியம் நடந்துவிடும். அவரோ செத்த பாட்டரியைக் கழற்றி, மல்டிமீட்டர் வைத்து அளந்து, அளவைத் துண்டுக் காகிதத்தில் எழுதி, அக்காகிதத்திலேயே அதைச் சுற்றி எடுத்துக்கொண்டு ரிச்சி தெருவுக்குப் புறப்பட்டார்.

“பென்சில் செல்தானே சார்?”

“பென்சில் செல்லில் பாதி நீளம். லித்தியம். 3.6 வோல்ட்.”

“எந்த மிஷினுக்கு சார்?”

கேட்டிருக்கக் கூடாது. கடைக்காரர் லினஸ் டோர்வால்ட்ஸ் வரை கேட்டுத் தீர்த்தார்.

இவரைப் பார்த்து நகைக்கிறவர்களில் நானும் ஒருவன். ஆயினும் ஒரு விஷயத்தில் எனக்கு அவர்மீது பொறாமை. நாமெல்லாம் எந்த யந்திரம் முரண்டு பிடித்தாலும் அணைத்துப் போடுவதையே சர்வரோக நிவாரணியாகக் கொண்டுவிட்டோம். அது சரியாகிவிட்டால் ஏன் கெட்டது, ஏன் சரியாயிற்று என்று கேட்பதில்லை. அவர் கணக்கிலோ, காரணம் தெரியாமல் சரியான பழுது இன்னமும் தீராத பழுதுதான்.

குடியிருப்போர் சங்கத்துக் காரியதரிசியின் கணிப்பொறி, பராமரிப்புக் கணக்கு எழுதிக்கொண்டிருக்கும்போது திடீரென்று நின்றுவிட்டது. ஆள் அனுப்பியதும் நம்மவர் டார்ச் விளக்கும் நோட்டுப் புத்தகமுமாக வந்து சேர்ந்தார்.

“நிற்பதற்கு முன்னால் திரையில் என்ன வந்தது?”

“ஏதோ இங்கிலீஷில் வந்தது சார். ஓகே அமுக்கிட்டேன்.”

“வாசித்துப் பார்க்கவில்லையா?”

“எதுக்கு சார்? இதோ, அணைச்சுப் போட்டேன், நல்லாயிடுச்சு. காப்பி சாப்பிடுங்கோ.”

நம்மவர் காப்பியைத் தொடவில்லை. தடயம் முழுவதும் அழிந்துபோன அந்தத் திரையைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மறுபடி வந்தால் எதையும் தொடாமல் தமக்குச் சொல்லி அனுப்பும்படியும், நடு நிசியானாலும் தயங்க வேண்டாம் என்றும் வேண்டிக்கொண்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு படியில் காரியதரிசியைச் சந்திக்கும்போதெல்லாம், “மறுபடியும் வந்ததா?” என்று ஆவலோடு விசாரிக்கிறார். “உங்க புண்ணியத்தில் வரவே இல்லை சார்” என்று காரியதரிசி கை கூப்புகிறார். இந்தக் காலத்தில் இவ்வளவு அக்கறை யாருக்கு இருக்கிறது என்று என்னிடமும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறார்.