வார்ப்புரு வசிக்கும் வீடு யாது? சாம்பல்தீவு வழக்கை முன்வைத்து ஓர் ஆய்வு

ஜாவாவில் இணையத்தளம் கட்டுவோரிடம் நெடுநாளாகத் தீராத பிணக்கொன்று உண்டு. பக்கத்தின் வேலையைச் செய்யும் ஜாவா வகுப்பும் அதன் முகத்தைக் காட்டும் எச்டிஎம்எல் வார்ப்புருவும் கலியாணம் கட்டியவை. கட்டியபின் யார் வீட்டில் குடியிருப்பது? திருகோணமலைக்கு வடக்கே, நிலாவெளி போகும் வழியிலுள்ள சாம்பல்தீவில் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். கிழக்கில் வீடு பெண்ணின் சீதனம். பெட்டியோடு வரவேண்டியவர் மாப்பிள்ளை.

1999இல் வந்த ஜேஎஸ்பி என்னும் ஜாவாப் பக்க நுட்பத்தின் காலத்தார் இம்முறைமை அறிந்தாரில்லை. ஜாவாவையும் எச்டிஎம்எல்லையும் ஒரே கோப்பில் பிசைந்தனர். உலாவி நேரே எட்டிப்பார்க்க முடியாத வெப்-இன்ஃப் என்னும் உள்ளறையில் பலர் அதைப் பூட்டியும் வைத்தனர். ஹவர்ட் லூயிஸ் ஷிப் படைத்த டேப்பெஸ்ட்ரி என்னும் ஜாவா இணையச் சட்டகத்தின் ஐந்தாம் பதிப்பில் வகுப்பு ஜாவா கோப்புறையில், வார்ப்புரு ரிசோர்சஸ் கோப்புறையில், அதே பொதிப் பெயரோடு இருக்கலாம். தனிக்குடித்தனம், ஆனால் ஒரே விலாசம்.

ஜொனதன் லொக் தொடக்கிய விக்கெட் என்னும் சட்டகம்தான் கிழக்கு முறையைக் கண்டுகொண்டது. வகுப்பு இருக்கும் பொதிக்கே வார்ப்புரு வந்துவிடும், பெயரும் அவளுடையதே. ஆகவே ஜாவா பெண், எச்டிஎம்எல் மாப்பிள்ளை என்பது ஐயமற நிறுவப்பட்டது. மறுப்போர் மட்டக்களப்பிலும் விசாரிக்கலாம்.

வந்த மாப்பிள்ளையைப் பதிவதில்தான் சிக்கல். ஜாவா கோப்புறையில் ஜாவா அல்லாத எவரையும், தளத்தைத் தொகுக்கும் கருவியான மேவன் கணக்கெடுக்காது. தொகுப்பு பிழையின்றி முடியும். பக்கத்தைத் திறந்தால் வார்ப்புருவைக் காணோம் என்று விக்கெட் அலறும். மேவனின் அமைப்புக் கோப்பான பொம்மில் அந்தக் கோப்புறையையும் வளம் என்று எழுதிக்கொடுக்க வேண்டும். எழுதியவுடன், அதுவரை தானாக எடுத்துவந்த ரிசோர்சஸ் கோப்புறையை மேவன் மறந்துவிடும்! அதையும் சேர்த்தெழுதுக. இதை முதலிலேயே சொல்லித்தரும் ஆசிரியரை நான் இன்னும் கண்டதில்லை.

இனி மொழி. வார்ப்புருவின் பெயரோடு அடிக்கோடும் மொழிக்குறியும் சேர்த்தால், பார்ப்பவரின் மொழிக்கேற்ற கோப்பை விக்கெட் எடுத்துக்கொள்ளும். இலங்கையில் ஒரு வகுப்புக்குச் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மூன்று மாப்பிள்ளைகள், அதுவும் ஒரே வீட்டில். சாம்பல்தீவு வழக்கில் இதற்கு விதியில்லை. பாண்டிருப்பில் கோவில்கொண்டுள்ள திரௌபதை அம்மனைத்தான் மேற்கோளாகக் காட்ட வேண்டும். மூவரில் தமிழர் வீட்டில் இல்லையென்றால் விக்கெட் வாய் திறக்காது, குறியில்லாத பொதுக் கோப்பைக் காட்டிவிடும். அது பெரும்பாலும் ஆங்கிலம். தமிழை அழுத்தினால் ஆங்கிலம் வரும் தளங்களைப் பார்த்துப் பழகிய எங்கள் ஊராருக்கு இது ஒரு புதினமே இல்லை.